தொடர் செலவு

எங்கள் கல்லூரியில் மாதிரிப் பாராளுமன்றம் நடத்துவதென்று முடிவானபோது பிரதம மந்திரியாவதற்கு வகுப்பில் பாதிப் பேர் தயாராக இருந்தார்கள். செலவு மதிப்பீடு போடுவதற்கு ஒருத்தியும் இல்லை. அதனால் அது என் தலையில் வந்து விழுந்தது.

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். விடுதி வாசம். பாதுகாப்பு நிதிக்கென்று கை வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வகுப்புக்கு வந்த பெண்கள் எங்களிலேயே இருந்தார்கள். வழக்கமாக இந்தப் பாராளுமன்றத்தில் மதுவிலக்கு, கூட்டுறவுப் பண்ணை என்று எதையாவது ஆங்கிலத்தில் பேசி, டீ குடித்துக் கலைந்துவிடுவோம். அந்த வருஷம் பாதுகாப்புச் செலவு மசோதா. மலைகளில் நின்று போரிடுவதற்கென்று புதுப் படைப்பிரிவு ஒன்று அமைக்க வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். பேச்செல்லாம் தமிழில். பெற்றோர் பார்க்க வரலாம். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார ஆண்கள் கல்லூரியிலிருந்து மாணவர்கள் வருவார்கள். இந்தக் கடைசிச் செய்திதான் எங்கள் வகுப்பில் அத்தனை பேரையும் மந்திரியாக்கியது.

நிதி மந்திரி பதவி ரேஸ்கோர்ஸ் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் போயிற்று. நல்ல குரல், நல்ல புடவைகள். அவள் வாசிக்கப்போகும் நிதிக் குறிப்பைத் தயார் செய்வது என் வேலை. எங்கள் விரிவுரையாளர் அம்மா கண்டிப்பானவர். "செலவு வைக்கிற மசோதா நிதிக் குறிப்பு இல்லாமல் சபைக்குள் நுழையவே முடியாது. ஒரு பத்தியில் ஒரு தடவையோடு முடிகிற செலவு. இன்னொரு பத்தியில் வருஷா வருஷம் வருகிற தொடர் செலவு. இரண்டும் தனித்தனியாக வேண்டும்" என்று சொல்லி, என் கையில் பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றைக் கொடுத்தார். எல்லாருக்கும் பேச்சு, எனக்கு மட்டும் வாய்ப்பாடு என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ரோஷம் வந்துவிட்டது. செய்வதென்றால் டெல்லிக்காரன் பார்த்தாலும் ஒரு எழுத்து மாற்ற முடியாதபடி செய்வது என்று உட்கார்ந்தேன்.

செய்தித்தாள் கட்டில் கோடிகள் இருந்தன. ஒரு ஜோடி பூட்ஸ் என்ன விலை என்று எதிலும் இல்லை. எனக்குக் கோடி பிடிபடாது, பூட்ஸ் பிடிபடும். ஆகவே ஒரு சிப்பாயை எடுத்துக்கொண்டேன். அவனுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை என்ன வேண்டும், அது என்ன விலை என்று பார்ப்பது, பிறகு எத்தனை சிப்பாயோ அத்தனையால் பெருக்குவது. சனிக்கிழமை வார்டனிடம் அனுமதி வாங்கி, ஒரு தோழியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஒப்பணக்காரத் தெருவுக்குக் கிளம்பினேன்.

செருப்புக் கடைக்காரர் மரியாதையாக முக்காலி எடுத்துப் போட்டார்.

"ஏனுங்க, பூட்ஸ் மொத்தமா எடுத்தா எவ்வளவு கொறைப்பீங்க?" என்று கேட்டேன்.

"எத்தனை சோடி வேணுமுங்க அம்மணி?"

"ஒரு பத்தாயிரம் சோடி வெச்சுக்குங்களே."

அவர் என்னையும் தோழியையும் மாறி மாறிப் பார்த்தார். எங்களுக்காகக் காப்பி வாங்கப் புறப்பட்ட பையனைக் கண்ணாலேயே நிறுத்தியதை நான் கவனித்தேன். ஆனாலும் விலை வாங்காமல் நான் எழுந்திருக்கவில்லை. கம்பளிக்கும் அப்படித்தான். காக்கித் துணிக்கும் கூடாரத் துணிக்கும் கஜம் என்ன விலை என்பதை மில்லில் மேஸ்திரியாக இருந்த தோழியின் அப்பா சொன்னார். லாரி விலைக்கு அவினாசி ரோட்டில் பாடி கட்டுகிற பட்டறை ஒன்றின் வாசலில் வெயிலில் நின்றேன். பட்டறைக்காரர் எனக்கு லாரித் தொழில் செய்யப்போகிற மாமனார் வீடு அமைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இத்தனையும் கூட்டிப் பெருக்கி, அழகாகப் படி எடுத்து, ஒத்திகையில் வகுப்பின் முன் நின்று வாசித்தேன். துப்பாக்கி முதல் ஊசி நூல் வரை இருந்தது. வாசித்து முடித்ததும் விரிவுரையாளர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரி. சாப்பாடு எங்கே?"

எனக்கு விளங்கவில்லை. "எந்தச் சாப்பாடுங்க மேடம்?"

"இந்தப் பட்டாளம் என்ன, ஏகாதசி விரதமா?"

வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்புக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பல்லாயிரம் ஆண்களுக்கு மலைமேல் ஒரு வாய்ச் சோறுகூட வைக்காமல் கணக்கை மூடியிருந்தேன்.

மறந்ததற்குக் காரணம் உண்டு. கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, பருத்தியும் சோளமும் விளைகிற சிற்றூர் எங்களுடையது. வருஷா வருஷம் தண்ணீர் கீழே போகப் போக, அப்பா கிணற்றை வெட்டி ஆழப்படுத்திக்கொண்டே இருப்பார். அவருக்கு வெடிமருந்து செலவு, கயிறு செலவு, கூலி செலவு. கிணற்றில் இறங்கிய ஆட்களுக்கு அம்மா வெந்து புழுங்கி ஆக்கிப் போட்ட மதியச் சோறு செலவில்லை. சோளம் நம் காட்டில் விளைந்தது, விறகு நம் வேலியில் வெட்டியது, ஆக்கியது நம் வீட்டு ஆள். காசு கொடுத்து வாங்கினால்தான் செலவு. எங்கள் பக்கத்தில் எந்தத் தோட்டக்காரரைக் கேட்டாலும் இதையே சொல்வார். அந்தக் கணக்கிலேயே வளர்ந்த நான் இந்தியப் பட்டாளத்துக்கும் எங்கள் அம்மாதான் ஆக்கிப் போடுவாள் என்று இருந்துவிட்டேன்.

சிரித்தவர்களை மன்னிக்க எனக்கு மனசில்லை. இந்தத் தடவை ஒரு உப்புக்கல்லைக்கூட விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பட்டாளத்தில் என்ன தின்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எங்கள் அண்ணன் பட்டாளத்தில் இருந்து வந்தவர்.

மழை பொய்த்த வருஷங்களில் அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்தார். மலைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் லாரி ஓட்டினார். சண்டை நேரத்தில் பனியில் வண்டி நின்றுபோய், ஆட்கள் தேடி வந்து சேருவதற்குள் இடது கால் விறைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள். அக்குளில் ஊன்றுகோலோடு ஊர் வந்து சேர்ந்தபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஊரே மாலை போட்டது. மாலை வாடியதும் அவர் வாசலில் உட்கார்ந்து பருத்தியில் தூசு பொறுக்க ஆரம்பித்தார். நான் லீவுக்குப் போகும்போதெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

அந்த வாரம் ஊருக்குப் போனதும் பேனாவைத் திறந்துகொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்கண்ணா, அங்க காலையில என்ன குடுப்பாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் சிரித்துப் பார்த்தேன். "பட்டாளத்துல சேரப் போறயா அம்மணி?"

"நான் பட்டாளமே நடத்தப் போறேன். சொல்லுங்க."

சொன்னார். கோதுமை, அரிசி, பருப்பு, சர்க்கரை, டின்னில் அடைத்த பால். அந்த உயரத்தில் பருப்பு லேசில் வேகாது, அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். விறகு ஈரம், ஆகவே மண்ணெண்ணெய். "தண்ணிக்கே மண்ணெண்ண ஊத்தோணும் அம்மணி. பனிய உருக்கித்தான் குடிக்கோணும்" என்றார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கீழேயிருந்து ஒரு மூட்டை அரிசி மேலே போய்ச் சேர லாரி, லாரிக்கு மேல் கோவேறு கழுதை, கழுதைக்குக் கொள்ளு. அந்தக் கொள்ளு மூட்டையைச் சுமக்க இன்னொரு கழுதை. அண்ணனுக்கு உற்சாகம் வந்து பருத்தியைத் தள்ளி வைத்துவிட்டார். எனக்கும் அப்படித்தான். கல்லூரியில் எவளுக்கும் கிடைக்காத சரக்கு எனக்குக் கிடைத்துவிட்டதே.

அந்தக் குஷியில் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டேன். "கால் போயி வாறவங்களுக்கு என்னண்ணா குடுப்பாங்க?"

அவர் பருத்திக் கூடையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார்.

அம்மாதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சொன்னாள். பென்ஷனுக்கான தாள்கள் வந்து மாசக்கணக்காகிறதாம். இவர் கையெழுத்துப் போட்டு, மணியகாரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்பினால் போதுமாம். அனுப்ப மாட்டேன் என்கிறாராம்.

சாப்பிட உட்கார்ந்ததும் நான் அதை எடுத்தேன். எனக்கு அடக்கி வைக்கத் தெரியாது.

"குடுத்துப் போட்டு வந்ததுக்குக் கூலி கேக்கச் சொல்றயா?" என்றார் அண்ணன். "இந்த ஊட்டுல சோறு இல்லையா? நம்ம சோத்த நாமதான திங்கறோம். அதுல சர்க்காருக்கு என்ன வந்துச்சு?"

அப்பா கும்பாவிலிருந்து தலையைத் தூக்கினார். "அவன் சொல்றது நெசந்தானே. ஊட்டுச் சோத்துக்கு ஆராச்சும் கணக்கு வெப்பாங்களா? ஊர்ல என்ன பேசுவாங்க? கால வித்துப் போட்டு வந்து திங்கறான்னு பேசுவாங்க."

அம்மா இரண்டாம் தடவை களி போட வந்தாள். அண்ணன் கும்பாவின்மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டார். பட்டாளத்துக்குப் போகுமுன் மூன்று உருண்டை கேட்டு வாங்கித் தின்றவர். அம்மா உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கையை எடுக்கவில்லை.

வீட்டுச் சோற்றுக்குக் கணக்கில்லை என்று வாயால் சொல்கிறவர் ஒவ்வொரு உருண்டைக்கும் மனசுக்குள் கணக்கு வைத்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். அண்ணன் மேலும் கோபம், அப்பா மேலும் கோபம், பல்லாயிரம் பேரை மலைக்கு அனுப்பிவிட்டு அவர்கள் எந்தக் காலோடு திரும்பி வருவார்கள் என்று ஒரு வரி எழுதாத என் மேலும் கோபம்.

விடுதிக்குத் திரும்பியதும் தொடர் செலவுப் பத்தியில் சாப்பாட்டையும் மண்ணெண்ணெயையும் கழுதைக் கொள்ளையும் எழுதினேன். அதற்கும் கீழே, ஊனமாகித் திரும்புகிறவர்களுக்கும் இறந்துபோகிறவர்களின் குடும்பங்களுக்கும் அவர்கள் ஆயுள் வரைக்கும் ஆகும் செலவு என்று ஒரு இனம் எழுதினேன். அதை மதிப்பிடுவது லேசாக இல்லை. பூட்ஸ் ஒரு வருஷம் உழைக்கும், லாரி பத்து வருஷம் ஓடும், கால் இல்லாத இருபத்தெட்டு வயசுக்காரன் அதற்கெல்லாம் ரொம்ப நாள் பின்னாலும் சாப்பிட வேண்டும். படைப்பிரிவையே கலைத்துவிட்டாலும் அவன் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சிலர் வந்து சேருவார்கள், பழையவர்களும் இருப்பார்கள். கூட்டிக்கொண்டே போனால் சில வருஷங்களில் அந்த ஒற்றை இனம் பூட்ஸையும் கம்பளியையும் தாண்டிவிட்டது. தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று முதலிலிருந்து மறுபடி போட்டேன். மறுபடியும் தாண்டியது.

நிதி மந்திரி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினாள். "இதை நான் வாசிக்க மாட்டேன்ப்பா. ஊரே நகையைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நான் எழுந்து நின்று காலும் கையும் போகிறதை வாசிக்கணுமா?"

விரிவுரையாளர் அம்மா என்னைத் தனியாக அழைத்தார். அவர் கெட்டவரில்லை, சங்கடப்பட்டார். கோப்பை வழங்க வருகிறவர் பெரிய மில் முதலாளி, பாதுகாப்பு நிதிக்கு நிறையத் திரட்டித் தந்தவர், சபை சோர்ந்துபோகும்படி எதுவும் வேண்டாமே என்றார்.

"மேடம், சாப்பாடு எங்கேன்னு கேட்டது நீங்கதானுங்க" என்றேன். "ஒருத்தன் படையில இருக்கிறவரைக்கும் அவன் சோறு செலவு. கால் போய் வெளியே வந்துட்டா அந்தச் சோறு செலவில்லையா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் நகருவதாக இல்லை. அந்த இனத்தை எடுப்பதென்றால் நான் போட்ட மதிப்பீடு முழுவதையும் எடுத்துக்கொள்வேன், பூட்ஸ் விலையை நீங்களே போய் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அந்த வயசில் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். இப்போதும் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

"நீயே வாசி" என்றார் கடைசியில். "நிதித்துறை துணை மந்திரி என்று போட்டுக்கொள்கிறேன். எதிர்க்கட்சி உன்னைக் கிழித்துத் தோரணம் கட்டினால் என்னிடம் வந்து அழக்கூடாது."

அன்றைக்கே அண்ணனுக்குக் கார்டு எழுதினேன். அப்பா வரமாட்டார் என்று தெரியும், அம்மாவுக்கு மாடு கன்று போடும் சமயம், நீங்கள்தான் வர வேண்டும், வராவிட்டால் பொங்கல் லீவுக்கு நான் வீட்டுப்பக்கம் தலைகாட்ட மாட்டேன் என்று எழுதினேன். எதைப் பற்றி நான் பேசப்போகிறேன் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

அவர் வந்தார். சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, புதிதாக எண்ணெய் தடவிய ஊன்றுகோல். முதல் வரிசையில் உட்காரச் சொன்ன மாணவியிடம் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுக் கடைசி வரிசையில் வாசலோரமாக உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொள்ள அங்கேதான் இடம் இருந்தது.

பிரதம மந்திரி பேசினாள், கைதட்டினார்கள். பாதுகாப்பு மந்திரி இமயமலையைப் பற்றிப் பேசினாள், அதற்கும் தட்டினார்கள். நான் எழுந்து நிதிக் குறிப்பை வாசித்தபோது மண்டபத்தில் விசிறி ஓடும் சத்தம் கேட்டது. கழுதைக் கொள்ளுக்கு மட்டும் லேசாகச் சிரித்தார்கள். கடைசி இனத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். பின்வரிசையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எதிர்க்கட்சித் தலைவனாக வந்தவன் நெட்டையாக, சிவப்பாக, தேய்த்த கதர் ஜிப்பாவோடு இருந்தான். பேசத் தெரிந்தவன். மசோதாவைத் தன் கட்சி முழுமனதோடு ஆதரிப்பதாகவும், அந்தக் கடைசி இனத்தை மட்டும் நீக்க வேண்டுமென்று திருத்தம் கொண்டுவருவதாகவும் சொன்னான்.

"நம் வீரர்கள் யார்? உழவர் வீட்டுப் பிள்ளைகள்! களத்தில் அங்கம் இழந்து திரும்பினாலும் அவர்கள் அநாதைகள் அல்லர். அவர்களைப் பெற்ற வீடு இருக்கிறது. அவர்களை வளர்த்த மண் இருக்கிறது. அந்த மண் அவர்களுக்குச் சோறு போடும்! தாய் தன் மகனுக்கு இடும் சோற்றுக்கு மாண்புமிகு துணை மந்திரி விலை போடுகிறாரா? நம் வீரன் தியாகத்துக்குக் கூலி கேட்பானா?"

மண்டபம் இடிந்துவிடும்போல் கைதட்டல். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிதி மந்திரியும் தட்டினாள். முன்வரிசையில் மில் முதலாளி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அண்ணனும் அப்பாவும் கும்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து சொன்ன அதே பேச்சு, செந்தமிழ் உடுத்திக்கொண்டு வந்திருந்தது.

பதில் சொல்ல எழுந்தேன். எழுதி வைத்திருந்த பதில் எதற்கும் உதவாது என்று தெரிந்ததால் தாளை மேசையிலேயே விட்டுவிட்டேன்.

"தாய் சோறு போடுவாள். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்" என்றேன். "நான் கேட்பது வேறு. இந்த இனத்தை நீக்கிவிட்டால் செலவு நின்றுவிடுமா? நிற்காது. சர்க்கார் கணக்கிலிருந்து அந்தத் தாயின் கணக்குக்கு மாறும், அவ்வளவுதான். அவளைக் கேட்டுக்கொண்டா மாற்றுகிறீர்கள்? பூட்ஸுக்குப் பணம் கொடுக்கிறோம். செருப்புக் கடைக்காரரின் தேசபக்தியை நம்பி அதை ஓசியில் கேட்கவில்லை. பூட்ஸ் போட்டிருந்த காலுக்கு மட்டும் ஏன் ஓசி?"

யாரும் தட்டவில்லை. தட்டாவிட்டால் போகட்டும் என்று தொடர்ந்தேன். "அவன் கூலி கேட்கமாட்டான். அது எனக்கும் தெரியும். அவன் கேட்கமாட்டான் என்பதால்தான் நாம் முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்."

சபாநாயகர் திருத்தத்தைக் குரல் வாக்குக்கு விட்டார். ஆதரிப்பவர்கள் என்றதும் எதிர்க்கட்சி முழுவதும் எங்கள் வரிசையில் பாதியும் கத்தியது. எதிர்ப்பவர்கள் என்றதும் என் குரலும், லாரிப் பட்டறைக்கு என்னோடு வந்த தோழியின் குரலும் கேட்டன. இனம் நீக்கப்பட்டது. அது இல்லாத மசோதா ஒருமனதாக நிறைவேறியது. நெட்டையனுக்குக் கோப்பை. எனக்குத் துக்கமில்லை, பற்றிக்கொண்டு எரிந்தது. டீக்குக்கூட நிற்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பொங்கல் லீவு அன்றைக்கே தொடங்கியிருந்தது.

அண்ணன் கேட்டுக்கு வெளியே பஸ் நிற்கும் இடத்தில் இருந்தார். அவரை இப்படிக் கூட்டத்துக்கு நடுவில் உட்காரவைத்ததற்கு என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் பதில் சொல்லத் தயாராகவும் இருந்தேன்.

"தோத்துப் போட்டேண்ணா" என்றேன்.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பையன் ஆரு?"

"ஆரோ. ஏனுங்க?"

"அவன் பேசுனது அத்தனையும் நாம் பேசுனதுதான். ஒரு சொல்லு மாறல. நாஞ் சொல்றப்ப நல்லாத்தான் இருந்துச்சு." ஊன்றுகோலைத் தரையில் அழுத்தினார். "அவன் சொல்லக் கேக்கறப்ப அவனப் புடிச்சு உலுக்கோணும்னு இருந்துச்சு அம்மணி. மண்ணு சோறு போடுமாமா. எந்த மண்ணு போட்டுது? எங்கம்மா போடறா. அவளுக்கு முட்டி வலி. அந்த முட்டியோட எந்திரிச்சு வந்து போடறா. அவம் பாட்டுக்குக் கைய ஆட்டிச் சொல்லிப் போட்டான், அத்தன பேரும் தட்டறாங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது அபூர்வம்.

"உங்க சபையில வேண்டாம்னு தள்ளிப்போட்டா தள்ளட்டும்" என்றார். "எனக்கு வேணும். அந்தக் காயிதத்துல எங்கெங்க கையெழுத்துப் போடோணும்னு வந்து காட்டு."

அவினாசி பஸ் வந்தது. கூட்டம். யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்துகொண்டார். கருமத்தம்பட்டியில் இறங்கி வீடு வந்து சேர்ந்தோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவரே இரும்புப் பெட்டியைத் திறந்து தாள்களை எடுத்தார். நான் இடம் காட்டக் காட்ட, பேனாவை அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, என்ன ஏது என்று கேட்காமல் விளக்கை ஏற்றி அவர் பக்கத்தில் வைத்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது, ஆனாலும் வைத்தாள்.

அப்பா காட்டிலிருந்து வந்தார். தாள்களைப் பார்த்தார். மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார்.

"கூலி கேக்கறதுன்னு முடிவு பண்ணிப் போட்டயா?"

"கூலி இல்லீங்கப்பா" என்றார் அண்ணன். தலையைத் தூக்கி அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார். "அம்மா போடற சோறு செலவுங்கப்பா. நான் வந்த நாள்ல இருந்து ஆயிட்டுத்தான் இருக்குது. நீங்களும் எழுதல, நானும் எழுதல."

அப்பா திரும்பினார். அடுப்படி வாசலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகப் பார்த்த ஆளைத்தான், அன்றைக்கு ரொம்ப நேரம் பார்த்தார். கடைசித் தாளில் சாட்சிக் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. நான் அதை விரலால் காட்டினேன்.

அவர் கொடியிலிருந்து துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மணியகாரரு இப்ப ஊட்டுலதான் இருப்பாரு. பொழுது உழுகறதுக்குள்ள போயிட்டு வந்தரலாம், எந்திரி" என்றார்.